கமெண்ட்டை மங்க விடாதீர்கள்: ப்ரோகிராம் எழுதும் திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்கு ப்ரோகிராமிங் சொல்லித் தருகிறேன். லேப்டாப்பைத் திறந்ததும் அவர்கள் முதலில் தேடுவது தீம், அதாவது கோட் எழுதும் திரைக்கான நிறத் தொகுப்பு. ஆரம்பத்தில் நான் போன வழியிலேயேதான் போகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்குவது, பிரைட்னஸைக் குறைப்பது எல்லாம் தானாகவே தெரிந்துவிடும். தெரியாமல் போவதைச் சொல்கிறேன்.

கமெண்ட்டைச் சாம்பல் நிறத்தில் புதைப்பது

கண்ணுக்கு இதமானவை என்று பெயரெடுத்த பல தீம்களில் கமெண்ட்தான், அதாவது கோடுக்கு நடுவில் படிப்பவருக்காக எழுதும் குறிப்புதான், ஆக மங்கலாக இருக்கும். ஈத்தன் ஸ்கூனோவர் 2011இல் வெளியிட்ட சோலரைஸ்டு என்ற தீம், 16 நிறங்களை அளந்து கோத்த அருமையான வேலை. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் டார்க் வடிவத்தில் கமெண்ட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், சுமார் 2.8:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி.

எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தன் மாமாவின் பில்லிங் ப்ரோகிராமை ஒரு பையன் திருத்திக்கொண்டிருந்தான். பழைய பதிவுகளை அழிக்கும் ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே, முன்பு எழுதியவர் கமெண்ட் போட்டிருந்தார்: இது கடையின் அசல் டேட்டாபேஸ், சோதனைக்கு ஓட்டாதே. ஓட்டிவிட்டான். தீபாவளி நேரத்துக் கடன் பில்கள் அத்தனையும் போயின. கடையில் இருந்தவர்கள் கார்பன் நகலைப் பார்த்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள்.

"கமெண்ட் இருந்துச்சேப்பா, பார்க்கலியா?"

"எங்கண்ணா இருந்துச்சு?"

திரையை என் பக்கம் திருப்பினான். மேற்கு ஜன்னல் வெயிலில் எனக்கும் அந்த வரி தெரியவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை. கம்ப்யூட்டர் கமெண்ட்டைக் கண்டுகொள்வதே இல்லை. அடுத்து வரும் ஆளுக்காக ஒருவர் மெனக்கெட்டு எழுதி வைத்த வரி அது. அதைப் போய் மறைப்பதா?

பிடித்த தீமை விட வேண்டாம். கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடின் செட்டிங்ஸில் கமெண்ட்டுக்கு மட்டும் தனி நிறம் கொடுக்கலாம். டார்க் பின்னணிக்கு வெளிர் மஞ்சளோ இளம்பச்சையோ போடுங்கள். போட்டுவிட்டு, வெயில் விழும் நேரத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அறையைப் பார்க்காமல் டார்க் மோட்

நம் பக்கத்து வீடுகளில் பகலில் கதவும் ஜன்னலும் திறந்தே கிடக்கும். கறுப்புத் திரையில் எதிர்ச்சுவரும் உங்கள் முகமும்தான் தெரியும். பகலுக்கு லைட் தீம் வையுங்கள். வெளிச்சமான திரையில் கண்ணின் பாவை சுருங்குவதால் எழுத்து கூர்மையாகத் தெரியும். ராத்திரிக்கு டார்க் போதும். அப்போதும் சுத்தக் கறுப்பில் சுத்த வெள்ளை வேண்டாம். அதன் கான்ட்ராஸ்ட் 21:1, அதுதான் உச்சம். சிதறல்பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கு எழுத்தைச் சுற்றி ஒளி கசியும்.

எல்லாவற்றுக்கும் ஒரு நிறம்

கோடில் ஒவ்வொரு வகைச் சொல்லுக்கும் ஒரு நிறம் என்று பூசிவிடாதீர்கள். சிவப்பைப் பிழைக்கு மட்டும் விட்டு வையுங்கள்.

ஓரத்தில் மின்னுகிற சமாச்சாரங்கள்

முழுக் கோடையும் ஓரத்தில் பொடியாகக் காட்டும் மினிமேப்பை அணையுங்கள், நோட்டிஃபிகேஷனையும் அணையுங்கள். விஎஸ் கோடில் கண்ட்ரோல்-கே அழுத்தி, விட்டு, இசட்டைத் தட்டினால் கோட் மட்டும் திரையில் நிற்கும். வெளியே வர எஸ்கேப்பை இருமுறை தட்டுங்கள்.