பேச்சை ஆராயப் போகிறீர்களா? முதலில் இரண்டு நிமிடப் பதிவைக் கேளுங்கள்

மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய நினைப்பவர்களில் பலர் முதல் வேலையாக ஒரு கேள்விப் பட்டியலைத் தயார் செய்துகொண்டு நேர்காணலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் மணிக்கணக்கில் பதிவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று முழிக்கிறார்கள். நேர்காணல் மோசமான முறை என்று சொல்ல வரவில்லை. ஆனால் "நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்டால் கிடைப்பது, தாங்கள் பேசுவதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் விதம்தான். உங்கள் கேள்வி முடிவதற்குள் குறுக்கே புகுந்து "நான் யாரையும் குறுக்கிடவே மாட்டேன்" என்று சொல்பவர்களும் உண்டு.

எனவே உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பேச்சு நடக்கும் விதமா? பேசியவர்களுக்கு அது என்னவாகப் பட்டது என்பதா? இல்லை, ஒரு கூட்டத்துக்குள் யார் யாரிடம் எதை எப்போது பேசலாம் என்ற எழுதாத சட்டமா? முதலாவதற்கு இயல்பான பேச்சின் பதிவு, இரண்டாவதற்கு நேர்காணல், மூன்றாவதற்குக் கூடவே இருந்து பார்ப்பது. கலந்தும் செய்யலாம், எது முதன்மை என்று தெரிந்திருந்தால் போதும்.

என்னைக் கேட்டால், எந்த முறையில் போவதாக இருந்தாலும் பதிவில்தான் கை பழக வேண்டும். உரையாடல் பகுப்பாய்வு என்ற துறையே அப்படித்தான் கிளம்பியது. 1960களில் ஹார்வி சாக்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார். மையத்தில் இருப்பவர் தன் பெயரைச் சொல்லித் தொடங்கினால் பெரும்பாலும் அழைப்பவரும் தன் பெயரைச் சொல்லிவிடுவார். ஒரு அழைப்பில் அழைத்தவர் "சரியாகக் கேட்கவில்லை" என்கிறார். மையத்தவர் தன் பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டியதாகிறது, அதற்குள் அழைத்தவர் தன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் நழுவிவிடுகிறது. காது கேட்காத பிரச்சினை என்று நாம் தாண்டிப் போயிருப்போம். சாக்ஸ் அங்கேயே நின்று, இந்தச் சொல் இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு வேண்டிய கேள்வி அதுதான்.

சரி, செய்வது எப்படி? சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள். நேருக்கு நேர் பேச்சு என்றால் வீடியோ வேண்டும், ஏனென்றால் தலையாட்டலும் பார்வையும் ஒலியில் விழாது. தொலைபேசிப் பேச்சுக்கு ஒலி போதும், பேசியவர்களுக்கும் அவ்வளவுதானே கிடைத்தது. அதிலிருந்து இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து, கேட்டது கேட்டபடி எழுதுங்கள். அதே துறையைச் சேர்ந்த கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீடுகளைத்தான் இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அடைப்புக்குறிக்குள் எண் என்றால் அத்தனை நொடி மௌனம், சதுர அடைப்பு என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பேசியது, முக்காற்புள்ளி என்றால் இழுத்துச் சொன்ன ஒலி, சிறு கோடு என்றால் பாதியில் அறுந்த சொல். பொறுமை வேண்டும், ஒரு நிமிடப் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால் இந்தக் கற்பனை உரையாடலைப் பாருங்கள். சுத்தப்படுத்தி எழுதினால்: "நாளை வருகிறீர்களா?" "நாளை வேலை இருக்கிறது." கேட்டபடி எழுதினால்:

அ: நாளைக்கு சாயந்திரம் வர்றீங்கதானே?
(0.8)
அ: முடிஞ்சா வாங்க, கட்டாயமில்ல.
ஆ: இல்ல வந்து:: நாளைக்குக் கொஞ்சம் வே-
ஆ: [வேலை இருக்கு]
அ: [சரி சரி பரவால்ல]

0.8 நொடி மௌனம்தான். ஆனால் அதற்குள்ளேயே மறுப்பு வரப்போகிறது என்று அ புரிந்துகொண்டு, அழைப்பைத் தானே தளர்த்திவிடுகிறார். ஆ இன்னும் எதையும் மறுக்கவில்லை. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளை வைத்து 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வில், பதில் வரச் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆனது. அதோடு வைத்துப் பார்த்தால் 0.8 எவ்வளவு நீளம்! சுத்தப்படுத்திய வடிவத்தில் இது மொத்தமும் காணாமல் போயிருக்கும்.

நேர்காணல்தான் தேவை என்றால், பொதுவாகக் கேட்காமல் கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். "சண்டை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றால் கொள்கை வரும். "போன தடவை சண்டை வந்தபோது யார் முதலில் பேசியது, என்ன சொன்னார்?" என்றால் கதை வரும். "அப்போது உங்களுக்குக் கோபம் வந்திருக்குமே" என்று பதிலை நீங்களே ஊட்டிவிடாதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள், அடுத்து வருவதுதான் பல நேரம் உருப்படியான விஷயம். எழுதும்போது உங்கள் கேள்வியையும் "ம்ம்"களையும் வெட்டாமல் வையுங்கள். அந்தப் பதிலை உண்டாக்கியதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். புதிதாக எதுவும் வராமல் போகும் வரைக்கும் என்பது வழக்கமான பதில், ஆய்வு மேற்பார்வையாளர் எண்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அது வேறு கதை.

கூடவே இருந்து பார்க்கும்போது களக்குறிப்பை அன்றே எழுதிவிடுங்கள், முடிந்தால் அதைப் பற்றி வேறு யாரிடமும் பேசுவதற்கு முன்பே. பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது இன்னொரு பக்கம். "அவர் கோபமாக இருந்தார்" என்பது நீங்கள் நினைத்தது. "கேள்வி வந்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து வேறு ஒருவரிடம் பேசத் தொடங்கினார்" என்பது பார்த்தது. எதைக் கவனிப்பது என்று திணறினால் மொழியியல் மானுடவியலாளர் டெல் ஹைம்ஸ் தந்த பட்டியல் கைகொடுக்கும்: எங்கே, யார் யார், எதற்காக, எந்த வரிசையில், எந்தத் தொனியில், எந்த ஊடகத்தில், எந்த வழக்கப்படி, எந்த வகைப் பேச்சு.

அடுத்தது குறியிடல், கோடிங் என்பார்கள்: சேர்த்ததைத் துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று பெயர் ஒட்டி, ஒத்தவற்றைக் கருப்பொருள்களாகத் தொகுப்பது. இதற்கு மென்பொருள் வாங்கலாம், வாங்காமலும் செய்யலாம், எப்படியும் யோசிப்பது நீங்கள்தான். ஒரு எச்சரிக்கை: உங்கள் கேள்விப் பட்டியலின் தலைப்புகளே கடைசியில் கருப்பொருள்களாக வந்து நின்றால் பகுப்பாய்வு இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். "தரவிலிருந்து மூன்று கருப்பொருள்கள் வெளிப்பட்டன" என்று எழுதுவதையும் விடுங்கள். அவை தானாக எங்கிருந்தும் வெளிப்படவில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் என்று சொல்லுங்கள்.

உங்கள் விதிக்குப் பொருந்தாத ஒன்று அகப்பட்டால் அதை ஓரங்கட்டாதீர்கள். சாக்ஸோடு சேர்ந்து வேலை செய்த இமானுவேல் ஷெக்லாஃப், காவல்துறையின் தொலைபேசிப் பதிவுகளில் சுமார் 500 அழைப்புகளைப் பார்த்தார். எடுத்தவரே முதலில் பேசுவார் என்ற விதி எல்லாவற்றிலும் பொருந்தியது, ஒன்றைத் தவிர. அதில் எடுத்தவர் பேசாமல் இருக்க, அழைத்தவரே "ஹலோ" என்கிறார். 499க்கு 1 என்று விட்டிருக்கலாம். அவர் விதியையே மாற்றி யோசித்தார்: மணி அடிப்பதே ஆளைக் கூப்பிடுவதுதான், எடுத்தவரின் "ஹலோ" அதற்கு வரும் பதில். பதில் வரவில்லை என்றால் அழைத்தவர் இன்னொரு முறை கூப்பிடுவார், அந்த ஒற்றை "ஹலோ" அதுதான். 1968இல் வெளியான அந்தக் கட்டுரையின் வலுவே அந்த ஒரு அழைப்பில் இருக்கிறது.

எழுதும்போது பதிவின் துண்டை வரி எண்ணோடு அப்படியே தந்துவிட்டு உங்கள் விளக்கத்தைச் சொல்லுங்கள், வாசகர் உங்களோடு மல்லுக்கட்ட வேண்டுமானால் அவர் கையிலும் அது இருக்க வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார், குரலும் வேலையும் பேசிய விஷயமும் காட்டிக்கொடுக்கும். இணையத்தில் எழுதப்பட்டதை எடுத்தாள்வதாக இருந்தால் இன்னும் சிக்கல், வார்த்தை மாறாமல் போட்டால் தேடுபொறியில் ஒரே தேடலில் ஆள் கிடைத்துவிடுவார். வெளியிடுவதற்கு முன் அந்த வரியை நீங்களே ஒரு முறை தேடிப் பாருங்கள், கிடைத்தால் எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.