விசிலுக்குப் பிந்திய பத்து விநாடிகள்: கூடைப்பந்து மத்தியஸ்தர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோர்ட்டில் நடக்கும் கைகலப்புகளில் பல, விசில் ஊதிய பிறகுதான் தொடங்குகின்றன. பவுல் கொடுத்த மத்தியஸ்தர் வீரரின் இலக்கத்தைக் காட்ட, புள்ளி எழுதும் மேசைப் பக்கம் ஓடுகிறார். சக மத்தியஸ்தர் உருண்ட பந்தை எடுக்கக் குனிகிறார். பத்து வீரர்களையும் பார்க்க ஒருவரும் இல்லை. அந்த இடைவெளியில் ஒருவன் முழங்கையால் இடிப்பான், மற்றவன் திருப்பித் தள்ளுவான். சத்தம் கேட்டுத் திரும்பும்போது கண்ணில் படுவது இரண்டாவது ஆள்தான். "தொடங்கினது அவன், தண்டனை எனக்கா சேர்?" என்ற கேள்வி நியாயமானதே. பவுல் கொடுக்காதவர் பந்தைத் தொடக் கூடாது. இரண்டடி பின்வாங்கி, மற்றவர் மேசையிலிருந்து திரும்பும்வரை பத்துப் பேரையும் பார்வைக்குள் வைத்திருக்க வேண்டும். வாய்ச்சண்டையில் இரு அணி வீரர்களுமே எல்லை மீறினால் இருவருக்கும் டெக்னிக்கல் (மோதலுக்கல்ல, நடத்தைக்குக் கொடுக்கும் பவுல்). தண்டனைகள் ஒன்றையொன்று ரத்தாக்கும், பந்து இருந்த பக்கமே போகும்.

திருகோணமலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பக்கம் பழைய மாணவர் அணி, மறுபக்கம் கடற்படை அணியோ சீனன்குடா விமானப்படை அணியோ என்று அமைந்தால், கோர்ட்டில் இரண்டு மொழி ஓடும். தமிழில் விழுந்த தூஷணம் சிங்கள மத்தியஸ்தருக்கு விளங்காது, மறுதலையும் அப்படியே. "அவருக்குக் கேக்கேல்லை, உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?" என்று பயிற்றுநர் வருவார். கேட்டவர் கொடுத்தால் போதும், மற்றவரின் சாட்சி தேவையில்லை. ஆனால் எந்தச் சொல்லுக்கு எச்சரிக்கை, எதற்கு உடனே டெக்னிக்கல் என்பதை ஆட்டத்துக்கு முன்னரே இருவரும் பேசி வைக்க வேண்டும். மத்தியஸ்தர்களின் அதிகாரம் தொடங்குவது ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பு. அதற்கும் முன்னதாகவே வந்து பேசுங்கள்.

"இன்னொருக்கா கதைச்சா டெக்னிக்கல்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு நான்காம் முறையும் சொல்பவரை வீரர்கள் முதல் குவார்ட்டரிலேயே அளந்துவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை, அதுவும் கப்டன் வழியாக, தாழ்ந்த குரலில். அடுத்தது விசில். விரலை நீட்டி மிரட்டுவதும், தெரிந்த பொடியன் என்று தோளில் தட்டுவதும் ஒரே அளவு கேடு.

கொடுத்த பிறகு நடைமுறையிலும் பிழை வரும். வீரரின் டெக்னிக்கலுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ மட்டுமே. அதை உடனே எறிவித்துவிட்டு, பந்து யார் வசம் இருந்ததோ அந்த அணிக்கே, நிறுத்தியபோது பந்து இருந்த இடத்துக்குக் கிட்டவே கொடுக்க வேண்டும். எறிந்த அணிக்கே பந்தையும் தூக்கிக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. அந்த டெக்னிக்கல் வீரரின் ஐந்து பவுல்களில் ஒன்றாகவும் அணியின் பவுலாகவும் சேரும். இரண்டு டெக்னிக்கல், இரண்டு அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் (விளையாட்டுணர்வுக்கு மாறான மோதல் பவுல்), அல்லது இரண்டிலும் ஒவ்வொன்று வந்தால் வீரர் வெளியே. ஆகவே ஒவ்வொரு முறையும் மேசையிடம், "இவருக்கு இது முதலாவதா?" என்று கேளுங்கள். வெளியேற்றப்பட்டவர் பெஞ்சில் இருக்க முடியாது. திறந்த மைதானத்தில் உடை மாற்றும் அறை இல்லையென்றால் எங்கே போவது என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்னரே கேட்டு வையுங்கள்.

மத்தியஸ்தர்களுக்குள் வரும் முரண்பாடுதான் எல்லாவற்றிலும் மோசமானது, ஏனென்றால் அதை முழு மைதானமும் பார்க்கிறது. இருவரும் ஒரே நேரம் ஊதினால் மூடிய கையை மட்டும் உயர்த்தி, கண்ணைப் பார்த்து, யாருடைய பகுதியோ அவரிடம் விட வேண்டும். அவசரப்பட்டு ஒருவர் தடுப்பு (காவல் வீரரின் பிழை) என்றும் மற்றவர் சார்ஜ் (தாக்கும் வீரரின் பிழை) என்றும் காட்டிவிட்டால் மீட்பது கஷ்டம். பந்து கோட்டுக்கு வெளியே போனதில் கருத்து வேறுபட்டால் வாதாட வேண்டியதே இல்லை: விதிப்படி அது ஜம்ப் பால் நிலை (பந்து யாருக்கென்று தீர்க்க முடியாத நிலை), மேசையில் முறை மாறி வரும் அம்புக்குறி காட்டும் அணிக்குப் பந்து. தலைமை மத்தியஸ்தருக்கு இறுதி முடிவு உண்டு. ஆனால் சக மத்தியஸ்தர் தன் கடமைக்குள் கொடுத்த தீர்ப்பைத் தள்ளிவிட ஒருவருக்கும் அதிகாரமில்லை. தகவல் இருந்தால் கிட்டப் போய், "அண்ணா, கடைசியா நீலத்திலதான் பட்டது" என்று ஒரு வரி. மாற்றுவதா என்பது ஊதியவரின் முடிவு. பயிற்றுநரிடம் போய், "நான் என்றால் அதைக் கொடுத்திருக்க மாட்டேன்" என்று சொல்பவரோடு அடுத்த ஆட்டத்துக்குப் போக யார் விரும்புவார்?

கைகலப்பில் மத்தியஸ்தர் இருவருமே பிடித்து விலக்கப் பாய்வது பெரும் தவறு. ஒருவர் கிட்டப் போக, மற்றவர் பின்னின்று பெஞ்சுகளைப் பார்க்க வேண்டும். ஒழுங்கை நிலைநாட்ட உதவுவதற்காகத் தலைமைப் பயிற்றுநரும் முதல் உதவிப் பயிற்றுநரும் மட்டும் பெஞ்சுப் பகுதியை விட்டு வரலாம். வேறு யார் வந்தாலும் வெளியேற்றம், எனவே இலக்கங்களை மனதில் பதியுங்கள். ஆடுகளக் கோட்டைச் சுற்றி 2 மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும் என்ற விதியை, சனம் கோட்டை மிதிக்க முன்னரே நடைமுறைப்படுத்துவது நல்லது.

ஆட்டம் முடிந்து கையொப்பம் வைக்குமுன் நடந்த தகராறும் கணக்கில் வரும். தலைமை மத்தியஸ்தர் அதைப் புள்ளித்தாளின் பின்புறம் குறித்து, விரிவான அறிக்கையும் அனுப்ப வேண்டும். "கெட்ட வார்த்தை பேசினார்" என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. பேசிய சொல்லை, பேசிய மொழியிலேயே, இலக்கம், குவார்ட்டர், கடிகார நேரத்தோடு அன்றிரவே எழுதுங்கள்.