நால்வர் பேசினால் கலந்துரையாடல் ஆகிவிடாது: பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் மேடைப்பேச்சுக்குப் பஞ்சமில்லை. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து, கம்பன் விழாவும் பட்டிமன்றமும் இங்குள்ள பிள்ளைகளின் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. குன்றக்குடி அடிகளார் நடுவராக வீற்றிருந்த மேடைகளைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் மனம் நிறையப் பேசுவார்கள். பள்ளிகளில் மாணவர் கலந்துரையாடல் நடத்தும்போது நாம் செய்யும் முதல் தவறு இந்தப் பெருமையிலிருந்தே பிறக்கிறது. கலந்துரையாடலையும் பட்டிமன்றமாகவே நடத்திவிடுகிறோம். பட்டிமன்றத்தில் அணிகள் உண்டு, தீர்ப்பு உண்டு, எதிரணியை மடக்குவதில் ஓர் அழகும் உண்டு. கலந்துரையாடலிலோ வெற்றி தோல்வி இல்லை. முன்னவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, அந்த இடத்திலிருந்து தன் பேச்சைத் தொடங்கும் பழக்கத்தைத்தான் அது மாணவருக்குத் தருகிறது.

அந்தப் பழக்கத்தை முளையிலேயே கெடுப்பது மனப்பாடம். ஆசிரியர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தை நால்வரும் வரிசையாக ஒப்பித்தால், அது நான்கு பேச்சுப்போட்டிகளை ஒரே மேடையில் நடத்தியதாகவே முடியும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓட்டைப் பற்றி அப்படித்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கீழே அமர்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பையன், “அக்கா, அந்தக் கல்லுக்கு வழவழப்பு எப்படி வருகிறது?” என்று கேட்டான். அவள் தாளைக் கீழே வைத்தாள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவதையும், அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவதையும், உலர்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியைக் கழற்றுவதையும் இரு கைகளாலும் காட்டிக்காட்டிச் சொன்னாள். அவள் தந்தைக்கு அதுவே தொழில். அன்றிலிருந்து முழு உரை எழுதிவர நான் யாரையும் விடுவதில்லை. உள்ளங்கை அளவுத் தாளில் ஐந்து குறிப்புச் சொற்கள் போதும்.

தலைப்பிலும் தவறு நேர்கிறது. ‘அறிவியல் ஆக்கமா, அழிவா’ என்று கேட்டால் பிள்ளைகள் வேறுவழியின்றி இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். செட்டிநாட்டின் பழைய பெருவீடுகளை எடுத்துக்கொண்டு, ‘பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளை என்ன செய்யலாம்’ என்று கேட்டுப் பாருங்கள். வெளியூரில் வாழும் பங்காளி, வீட்டைக் காவல் காப்பவர், அதை விடுதியாக மாற்ற நினைப்பவர், தூணும் நிலைக்கதவும் பெயர்த்து விற்கப்படுவதைக் கண்டு வருந்துபவர் என நால்வருக்கு நான்கு நியாயங்கள் கிடைக்கும். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கும் செய்தியும் அங்கே பேச்சுக்கு இயல்பாகப் பயன்படும். ஒரு வாரம் முன்பே தலைப்பைத் தந்தால் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவருவார்கள்.

ஆசிரியரே நெறியாளர் இருக்கையில் அமர்வதும் பெருந்தவறு. அவர் அமர்ந்துவிட்டால் பிள்ளைகள் எல்லாப் பதிலையும் அவர் முகத்தைப் பார்த்தே சொல்வார்கள். நெறியாளராக ஒரு மாணவரை அமர்த்தி, ‘இவர் சொன்னதில் உங்களுக்கு எது பொருந்தவில்லை?’, ‘நீங்கள் கண்ட ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுங்கள்’ போன்ற கேள்விகளை அவரிடம் பழக்க வேண்டும். பேசாதிருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கவும், நீட்டிப் பேசுபவரை மரியாதையாக நிறுத்தவும் அவருக்கே உரிமை தர வேண்டும். நாற்காலிகளை நேர்வரிசையில் போட்டால் பேசுவோர் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாது, பிறைவடிவில் போடுங்கள். நால்வருக்கு மேல் வேண்டாம், நாற்பது நிமிடப் பாடவேளையில் கடைசிப் பத்து நிமிடம் கேள்விகளுக்கே இருக்கட்டும்.

பரிசு வாங்கிப் பழகிய அதே நால்வரை ஒவ்வொரு முறையும் மேடையேற்றுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம். பயிற்சி தேவைப்படுபவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பவர்தானே? அவர் ‘மழை’ என்பதை ‘மளை’ என்று சொன்னால், எல்லோர் முன்னிலையிலும் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். இடையில் வெட்டுப்பட்ட குரல் அந்த ஆண்டு முழுவதும் மீண்டும் எழாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்தபின் தனியே அழைத்து, அவர் நன்றாகச் சொன்ன ஒரு வரியை முதலில் நினைவூட்டி, அதன்பின் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்றை மட்டும் சொன்னால், அடுத்த மாதக் கலந்துரையாடலுக்கு அவரே வந்து பெயர் கொடுப்பார்.