அந்தரத்தில் நின்ற சக்கரம்
டிரெய்லர் இழுக்கும் டிராக்டர் லாரியின் 1/25 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட். சேசிஸை (வண்டியின் அடிச்சட்டம்) ஒட்டி மேசையில் வைத்தால், முன் இடது சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. அடியில் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. அச்சைச் சந்தேகப்பட்டு வீணாகப் பிரித்தேன். வெறும் சேசிஸைக் கண்ணாடிப் பலகையில் வைத்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. பசை காயும் முன்பே தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறேன்; நீளச்சட்டங்கள் முறுக்கிக்கொண்டன.

பிளாஸ்டிக் பசை பாகங்களையே உருக்கி இணைப்பது, பிடுங்கினால் உடையும். மெல்லிய ரம்பத்தால் இரண்டு குறுக்குச்சட்டங்களை மட்டும் அறுத்தெடுத்தேன். சேசிஸைக் கண்ணாடியில் படியவைத்து, மேலே பேட்டரிகளைப் பாரமாக ஏற்றி, மறுபடி ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை (அதுதான் பெரும்பாடு).

இப்போது பத்துச் சக்கரமும் தரையில். ரம்பத் தழும்பு அடியில்தானே, யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?