பல்லுக் கம்பியில் படியும் பற்றீரியாவை வேப்பிலைச் சாறு தடுக்குமா: ஆய்வுகூடச் செய்முறை

பல்லுக்குக் கம்பி போட்டவர்களின் வாயில், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான பிராக்கெட்டின் சிறகுகளுக்கு அடியிலும் றப்பர் வளையத்தைச் சுற்றியும் பற்றீரியா ஒதுங்கிக்கொள்கிறது. அவற்றுள் ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூட்டான்ஸ் சீனியை அமிலமாக்குவதோடு, அதே சீனியிலிருந்து பசைபோன்ற குளூக்கானையும் உண்டாக்கிப் படலமாக ஒட்டிக்கொள்வதால், கம்பி கழற்றியபின் பல்லில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. வன்னியில் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவர்கள், ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டும், இதைச் செய்து பார்க்கலாம்.

1. சாறு எடுத்தல்

முற்றிய வேப்பிலைகளைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். சோளகக் காற்று வீசும் நாட்களில் விரைவாகவே காய்ந்துவிடும். கையில் கசக்கினால் இலை நொறுங்க வேண்டும். தூள் 10 கிராமை, 70 சதவீத எதனோல் 100 மில்லிலீற்றரில் ஒரு நாள் ஊறவைத்து வடியுங்கள். கிணற்றுநீர் எதிலும் சேரக்கூடாது. எங்கள் பக்கத்து நீரின் கல்சியம் எவ்வளவென்று கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லே சொல்லும். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

2. ஏகார்க் கிண்ணம்

உமிழ்நீரை, பற்றீரியா வளர்க்கும் கூழான ஏகாரில் பூசி, 6 மில்லிமீற்றர் வடிதாள் வட்டுகள் மூன்றை வையுங்கள்: ஒன்று சாற்றிலும், ஒன்று 0.2 சதவீதக் குளோரெக்சிடின் என்ற கிருமிகொல்லி வாய்கழுவியிலும், ஒன்று வெறும் எதனோலிலும் தோய்த்து உலரவிட்டவை. மூன்றாவதை வீண்வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது எதனோல் கொன்றதெல்லாம் வேம்பின் கணக்கில் ஏறிவிடும். 37 பாகை செல்சியசில் 24 மணி நேரம் வைத்தபின், மூடியைத் திறக்காமல் அடிப்புறத்திலிருந்து தெளிவான வளையத்தின் விட்டத்தை அளவுங்கள்.

3. பிராக்கெட்டில் சோதித்தல்

வளையம் பெரிதாக இருந்தாலும் அவசரப்பட்டு முடிவெழுத வேண்டாம். படலமாக ஒட்டிய பற்றீரியாவை அழிப்பது, தனித்து மிதப்பவற்றை அழிப்பதைவிட மிகக் கடினம். கம்பியில் நடப்பது ஒட்டுதல்தான். ஆகவே சாற்றின் எதனோலைச் சுடுநீர்த் தொட்டியில், நெருப்புச் சுவாலை அருகில் இல்லாமல், ஆவியாக்கி, எஞ்சியதைக் கொதித்தாறிய வடிநீரில் கரையுங்கள். பல் வைத்தியரிடம் பெற்ற புதிய பிராக்கெட்டுகளை, 1 சதவீதச் சீனியும் சில துளி உமிழ்நீரும் கலந்த வளர்ப்புத் திரவம் உள்ள இரு சோதனைக் குழாய்களில் இடுங்கள். ஒரு குழாயில் கரைசலையும் மற்றதில் அதே அளவு வடிநீரையும் சேருங்கள். 48 மணி நேரத்தின்பின் மெதுவாக அலசி, 0.1 சதவீதப் பளிங்கு ஊதாச் சாயத்தில் 15 நிமிடம் வைத்து மீண்டும் அலசுங்கள். வில்லைக்கண்ணாடியால் பார்த்தால், கம்பி செல்லும் பள்ளத்தின் மூலைகளில் ஊதா நிறம் தேங்கியிருக்கும். இரு பிராக்கெட்டுகளிலும் அந்த மூலைகளையே ஒப்பிடுங்கள். மழமழப்பான முகப்பில் வேறுபாடு எளிதில் தெரியாது.

முடிந்ததும் கிண்ணங்களையும் குழாய்களையும் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் அமுக்க அடுகலனில் வைத்தபின்பே கழுவுங்கள்.