கடலூரிலிருந்து நீதிபதி இருக்கைக்கு: உரிமையியல் (சிவில்) நீதிபதிப் பணிக்கு ஆயத்தமாகும் முறை

சட்டப் படிப்பை முடித்த கையோடு, நீதிபதித் தேர்வுக்கு எந்தப் பயிற்சி மையத்தில் சேரலாம் என்று கேட்டு வரும் கடலூர்ப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, அங்கியைப் போட்டுக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போங்கள் என்பதுதான். இது இப்போது வெறும் அறிவுரையாகவும் இல்லை. தொடக்கநிலை நீதிபதிப் பணிக்கு விண்ணப்பிப்பவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று அளித்த தீர்ப்பில் மீட்டெடுத்துவிட்டது.

அந்த மூன்று ஆண்டுகள், அகில இந்திய வழக்கறிஞர் தேர்வுக்கு முன் பார் கவுன்சிலில் (வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் மன்றம்) தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஆகவே புதுச்சேரி காலாப்பட்டுச் சட்டக் கல்லூரியில் படித்தவரானாலும் விழுப்புரத்தில் படித்தவரானாலும், பட்டச் சான்று கைக்கு வந்ததும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்வதே நல்லது; அகில இந்திய வழக்கறிஞர் தேர்வை அதன் பிறகு எழுதிக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றத்தின் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். தொழில் செய்ததற்கான சான்றிதழை அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரிடமோ, அவர் மேலொப்பமிட, பத்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞரிடமோ பெற வேண்டும். எனவே வக்காலத்தில் (கட்சிக்காரர் தன் வழக்கறிஞரை அமர்த்தும் பத்திரத்தில்) உங்கள் பெயரும் இடம்பெறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சீனியரின் பையைத் தூக்கியதற்குப் பதிவேட்டில் சாட்சி இருக்காது.

இந்த மூன்று ஆண்டுகளை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீதிபதியின் வேலை கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டதை எழுதுவதுதான் அதில் கடினமான பாதி. அதனால் உரிமையியல் வழக்குகளைக் கையிலெடுத்து நடத்தும் ஒரு சீனியரிடம் சேர்ந்து, வாரத்திற்கு ஒரு வழக்கின் ஆவணங்களையாவது எடுத்து, பிராதையும் (வழக்குத் தொடுத்தவரின் மனு) எதிருரையையும் மட்டும் படித்துவிட்டு, நீதிமன்றம் வனைந்த எழுவினாக்களை, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை, பார்க்காமல் நீங்களே எழுவினாக்களை எழுதிப் பாருங்கள். பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பின் மீது அண்ணன் தம்பிக்குள் தாவா என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பாகம் கேட்கிறார். அப்பா பதிவு செய்யாத உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்கிறார் தம்பி. பட்டா தம்பி பெயரில் இருக்கிறது. புதிதாக வருபவர் "சொத்து யாருக்குச் சொந்தம்" என்று ஒரே எழுவினாவை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார். உயில் உண்மையானதா, அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது, மெய்ப்பிக்கப்படாவிட்டால் அண்ணனுக்கு எவ்வளவு பாகம் என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தால்தான் தீர்ப்பு தானாக வரிசை பிடிக்கும். உயிலை முன்வைப்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். உயிலில் சாட்சியாகச் சான்றொப்பமிட்டவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்து, சாட்சி சொல்லும் நிலையில் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றியாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 67ஆம் பிரிவாக உள்ளது. பட்டா உரிமை மூல ஆவணம் ஆகாது என்பது ஊருக்கே தெரிந்த செய்தி என்றாலும், அதை ஒரு வழக்கின் சான்றாவணங்களோடு பொருத்தி நான்கு வரியில் சொல்லப் பயிற்சி வேண்டும். தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலை வாங்கி, உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு மாறுபட்டாலும் கவலைப்பட வேண்டாம். காரணம் விடுபட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தேர்வும் இதையேதான் கேட்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இத்தேர்வில் முதல்நிலை, முதன்மை, வாய்மொழித் தேர்வு என்று மூன்று படிகள் உண்டு. முதன்மைத் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று மொழிபெயர்ப்பு, ஒன்று சட்டம். மற்ற இரண்டில் எழுவினா வனைந்து உரிமையியல் தீர்ப்பும், குற்றச்சாட்டு வனைந்து குற்றவியல் தீர்ப்பும் எழுத வேண்டும். மொழிபெயர்ப்புத் தாளை எளிதென்று தள்ளிவைப்பவர்கள் அதில்தான் சறுக்குகிறார்கள். சாட்சியின் வாக்குமூலத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் தினம் ஒரு பக்கம் மாற்றி எழுதுங்கள். வயது வரம்பையும் பாடத்திட்டத்தையும் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றே என்றாலும், இரண்டின் நீதிப்பணிகளும் வேறு வேறு என்பதை எல்லையோரத்தில் இருப்பவர்கள் மறக்க வேண்டாம்.

தேர்வு பெற்ற பின் தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிற்சியகத்தில் பயிற்சி; அதன் பிறகுதான் இருக்கை. சொந்த மாவட்டத்திலேயே பணி கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தொடக்க ஊதியம் 77,840 ரூபாய் என்பது பலரை ஈர்க்கிறது. அதற்கு ஈடாகக் கொடுப்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) பொறுப்பும் சேர்ந்து வரும்போது, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் முன்னிலைப்படுத்த வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை இரவிலும் உங்கள் வீட்டு வாசலில் காவல்துறை வண்டி நிற்கும். காவல்துறை நீட்டும் தாளில் கையெழுத்திடும் முன், கைதானவரிடம் அடித்தார்களா, குடும்பத்துக்குத் தகவல் சொன்னார்களா என்று நேரில் கேட்க வேண்டும். உரிமையியல் வழக்கில் வாதம் முடிந்து 30 நாளுக்குள் தீர்ப்புரைக்க வேண்டும். விதிவிலக்கான நிலையிலும் பொதுவாக 60 நாளைத் தாண்டலாகாது. பகல் முழுவதும் சாட்சி விசாரணையில் போய்விடுவதால், எழுதும் நேரம் விடியற்காலைதான். நேற்றுவரை தேவனாம்பட்டினம் கடற்கரையில் சேர்ந்து நடந்த வழக்கறிஞர் நண்பர்களிடமிருந்து விலகியிருக்க வேண்டியும் வரும். இந்தத் தனிமைதான் இளையவர்களை அதிகம் வாட்டுகிறது என்பது என் எண்ணம்.

பதவி உயர்வு சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று செல்லும். தாமதமாக விழித்துக்கொண்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை: ஏழு ஆண்டுகள் தொழில் செய்த வழக்கறிஞர், உயர் நீதிமன்றம் தேர்ந்தெடுக்கும் நேரடி மாவட்ட நீதிபதிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் சேர்த்து ஏழு ஆண்டுகளை நிறைவு செய்து, 35 வயதை எட்டிய பணியிலுள்ள நீதிபதிகளும் அதற்குப் போட்டியிடலாம்.