மென்பொருள் தேவைகளை வகை பிரித்து எழுதுவது எப்படி?

மென்பொருள் கேட்டு வருபவர், நோக்கம், விருப்பம், நிபந்தனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். அவற்றைப் பிரித்து எழுதுவது நம் பொறுப்பு. “கடவுச்சொல்லை மறந்தவர்கள் உதவி மையத்தை அழைக்காமல், தாங்களே விரைவாகப் புதியதை அமைத்துக்கொள்ள வேண்டும், இப்போதுள்ள மின்னஞ்சல் சேவையகமே போதும்” என்ற கோரிக்கையை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ‘எதற்காக’ என்று கேளுங்கள். உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளைக் குறைப்பது நிறுவனத்தின் நோக்கம். இது வணிகத் தேவை. பிறர் உதவியின்றித் தம் கணக்குக்குள் நுழைய வேண்டும் என்பது பயனர் தேவை. மென்பொருள் என்ன செய்யும் என்ற பேச்சு இவ்விரண்டிலும் இன்னும் எழவில்லை.

அது செயல்சார் தேவையில்தான் தொடங்குகிறது. பதிவு செய்த மின்னஞ்சலுக்கு, ஒருமுறை மட்டும் பயன்படும் இணைப்பை அமைப்பு அனுப்ப வேண்டும் என்பது ஒரு தேவை. அந்த இணைப்பு 15 நிமிடங்களில் காலாவதியாக வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைக்காமல் தனித்தனி எண் கொடுங்கள். பதிவில் இல்லாத முகவரியைத் தந்தால் என்ன நடக்கும் என்பதையும் எழுதியாக வேண்டும். யாருக்குக் கணக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை வெளியார் அறிந்துகொள்ளாதிருக்க, இரு நிலைகளிலும் ஒரே செய்தியைக் காட்டுவதே சரி.

‘விரைவாக’ என்ற சொல் இன்னும் மிச்சமிருக்கிறது. மென்பொருள் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்று சொல்லும் இதுவே, அலுவலகப் பேச்சில் ‘நான்-ஃபங்ஷனல்’ எனப்படும் செயல்சாராத் தேவை. என் பார்வையில், அதிகம் கைவிடப்படுவதும் பின்னர் அதிகம் வருந்த வைப்பதும் இந்த வகைதான். ‘விரைவாக’ என்பதைச் சோதிக்க இயலாது. ‘95 சதவீதக் கோரிக்கைகளுக்கு 60 விநாடிகளுக்குள் மின்னஞ்சல் புறப்பட வேண்டும்’ என்பதைச் சோதிக்கலாம். எண்ணைக் கேட்டு வாங்கும்போது அதன் பொருளையும் விளக்குங்கள்: 99.9 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் முடங்கியிருக்கலாம் என்று பொருள். எதுவும் விடுபடாதிருக்க, செயல்திறன், பாதுகாப்பு, நம்பகத்தன்மை, பராமரிப்பு எளிமை முதலிய தரப்பண்புகளை வகுத்துள்ள ஐஎஸ்ஓ/ஐஇசி 25010 தரநிலையைச் சரிபார்ப்புப் பட்டியலாகப் பயன்படுத்தலாம்.

இருக்கும் சேவையகத்தையே பயன்படுத்துவது கட்டுப்பாடு. அங்கே நமக்குத் தேர்வுரிமை இல்லை. அந்தச் சேவையகத்துடன் எவ்வடிவில் தரவைப் பரிமாறுவது என்பது இடைமுகத் தேவை. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்ததற்கு, தரைநிலைய மென்பொருள் ஒன்று உந்துவிசைத் தரவை மெட்ரிக் அலகில் தராமல் பவுண்டு அலகில் தந்ததே மூல காரணம். மெட்ரிக் அலகு வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதியே இருந்தது. எழுதி வைப்பது மட்டும் போதாது. ஆகவே ஒவ்வொரு தேவைக்கும் அருகிலேயே, அதை எந்தச் சோதனையால் உறுதிசெய்வோம் என்பதையும் எழுதுங்கள்.

பழைய பயனர் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது போன்றவை மாறுகைக்காலத் தேவைகள். அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒன்று போதும்.

கடைசியாக, ஒவ்வொரு செயல்சார் தேவையும் எந்த வணிகத் தேவையிலிருந்து பிறந்தது என்று எதிரே குறியுங்கள். அப்படி எதுவும் கிடைக்காத தேவையை, அதைக் கேட்டவரிடமே திருப்பிக் கொண்டுபோய் ‘எதற்காக’ என்று மறுபடியும் கேளுங்கள்.